பெர்சிமன் இசைத்தட்டில் கை தட்டியவர்

என் அக்கா ஒஸெல்லா டகிலை உலகமே கேட்டிருக்கிறது. மான்செஸ்டரில் கேட்டார்கள், டோக்கியோவில் கேட்டார்கள், பற்பசை விளம்பரத்தில்கூடக் கேட்டார்கள். தெற்கு மெம்பிஸில் எங்கள் தெருவில் மட்டும் அந்த விஷயம் யாருக்கும் தெரியாது. அங்கே அவள் ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் முப்பது வருடம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். மவுண்ட் கில்போவா பாப்டிஸ்ட் சபையில் வாசல் ஊழியம் செய்தவள். கெளுத்தி மீனைச் சோள மாவில் புரட்டிப் பொரிக்கும்போது பக்கத்தில் யாரையும் அண்டவிடாதவள். அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நான் அவள் தங்கை என்பது ஒரு காரணம். ஒலிப்பதிவு நடந்த அன்றைக்கு நான் அந்த அறை வாசலில் நின்றேன் என்பது இன்னொன்று. ‘நானும் அங்கே இருந்தேன்’ என்று சொல்லிக்கொண்டு இப்போது மெம்பிஸில் நானூறு பேர் திரிகிறார்கள். அந்த அறையில் பதினோரு பேர் நின்றாலே மூச்சு முட்டும். மீதிப் பேர் எங்கே நின்றார்களாம், சவப்பெட்டிக்குள்ளா?

சும்மா சொல்லவில்லை, அங்கே சவப்பெட்டிகள் இருந்தன. பெர்சிமன் ரெக்கார்ட்ஸ் நடத்திய ராஸ்கோ டாண்ட்ரிட்ஜுக்குத் தொழில் பிணங்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் கிடத்தி, அழகாக அடக்கம் செய்து கொடுப்பது. எங்கள் கறுப்பு ஜனங்களில் அந்தக் காலத்தில் கையில் காசு புழங்கியவர்கள் இரண்டே வகை: போதகர்கள், இந்த அடக்கத் தொழில்காரர்கள். டாண்ட்ரிட்ஜுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. முன்பக்கம் பிரேதங்கள், நடுவில் பூக்கடை, பின்னால் பெட்டிகள் அடுக்கும் கிடங்கு. அந்தக் கிடங்கைப் பாட்டுப் பதிவு செய்யும் அறையாக மாற்றினார். சவப்பெட்டிக்குள் வைத்துத் தைக்கும் பஞ்சு மெத்தையையும் ஊதாப் பட்டுத் துணியையும் சுவர் முழுக்க அடித்தார். எதிரொலி போன இடம் தெரியவில்லை. முன்பக்கம் யாராவது அழுதுகொண்டிருந்தால் பின்பக்கம் பாட்டை நிறுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். புதுத் தட்டுகளை வானொலி நிலையங்களுக்குக் கொண்டுபோனது பிரேத வண்டி. அதை நடுவழியில் மறித்து ஓரங்கட்டச் சொல்ல எந்தப் போலீஸ்காரனுக்கும் மனசு வராது. பெர்சிமன் பாட்டுகள் மற்றவர்கள் பாட்டைவிட ஒரு நாள் முன்னாடியே ஊரெங்கும் ஒலித்ததன் ரகசியம் அதுதான். இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது.

நான் அங்கே பூக்கடையில் வேலைக்கு இருந்தேன். ஒரு பக்கம் மலர்வளையம், இன்னொரு பக்கம் இசைத்தட்டு, நடுவில் நான்.

டாண்ட்ரிட்ஜுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் ஊரில் யாராவது செத்தால் அடக்க ஆராதனைக்கு ஒரு தாள் அச்சடிப்போம். அதில் செத்தவரின் கதை இருக்கும். பெட்டி தூக்குகிறவர் யார், பூ ஏந்துகிறவர் யார், சாப்பாடு சமைத்தவர் யார் என்று ஒருவர் விடாமல் பேர் இருக்கும். ஒரு பேர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பேசாது. இருபது வருடம் அந்தத் தாள்களை அச்சடித்த மனிதர் இசைத்தட்டின் அட்டையையும் அப்படியே அச்சடித்தார். மற்ற கம்பெனிகள் பாடியவன் பேரைப் போட்டதோடு முடித்துக்கொள்ளும். பெர்சிமன் அட்டையின் பின்பக்கம் கிட்டார் வாசித்தவர், நாற்காலி கொண்டுவந்தவர், அன்றைக்கு மீன் பொரித்தவர் எல்லோரும் இருப்பார்கள். வம்பு அங்கேதான் பிறந்தது.

இப்போது சபைக்கு வருகிறேன். எங்கள் சபையில் வாசல் ஊழியம் என்றால் விளையாட்டல்ல. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் காலணி, வெள்ளைக் கையுறை. இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருக்கும். பேச்சு கிடையாது, எல்லாம் கை ஜாடைதான். யாராவது ஆவியில் நிறைந்து துள்ளினால் அவர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துவதும், விசிறிவிடுவதும், விழாமல் தாங்குவதும் இவர்கள் வேலை. தலைவி சிஸ்டர் வெர்டெல் பெட்டிக்ரூ. என் அக்காவைவிட நான்கு வயது மூத்தவர். சிரித்தால் சொர்க்கத்தில் இடம் குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு, அக்டோபர் மாதத்து ஞாயிறு. அக்காவின் கையுறையில் மிளகு விதை அளவுக்குக் குழம்புக் கறை. வெர்டெல் அதை நடு வாசலில், ஜனங்கள் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது பிடித்துவிட்டார்.

“சிஸ்டர் டகில், ஆண்டவர் வீட்டு வாசல்ல நிக்கிறியா, இல்ல உங்க வீட்டு அடுப்பங்கரை வாசல்ல நிக்கிறியா?”

சபைப் பொறுப்பிலிருந்த இரண்டு டீக்கன்மார் சிரித்தார்கள். அக்காவைப் பக்கவாட்டுக் கதவுக்கு அனுப்பிவிட்டார் வெர்டெல். அந்தக் கதவு வழியாக வருவது பூனை மட்டும்தான். அக்கா பையிலிருந்த மாற்றுக் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஆராதனை முடியும்வரை பூனையை வரவேற்றுக்கொண்டு நின்றாள்.

மதியம் அவள் நேராகப் பூக்கடைக்கு வந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஆறு மணி ஆராதனைக்குத் திரும்ப வேண்டும். பின்னால் டெல்மர் யான்சி என்ற பாடகர் ‘அடுப்பங்கரை விளக்கு இன்னும் எரியுது’ என்ற பாட்டை முப்பதாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு எழுந்திருக்க மறுத்தது. அக்கா அந்த அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி இது தாளம்? நொண்டிக் கழுதை மாடிப்படி ஏறுற மாதிரி!”

“மெதுவாப் பேசுக்கா, கேக்கப் போவுது.”

“கேக்கட்டும். இப்படித் தட்டணும்.” தட்டினாள். வெள்ளைக் கையுறையோடு, உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து, தாளத்தின் இரண்டாவது அடிக்கும் நாலாவது அடிக்கும். ‘தொப்... தொப்...’ என்று தலையணையை அடிப்பது போல ஒரு சத்தம். வெர்டெல் மேலிருந்த ஆத்திரம் முழுக்க அதில் இருந்தது.

ஒலிப்பதிவு செய்தவர் கார்லின், ஆர்கன்சாஸிலிருந்து வந்த வெள்ளைக்காரர், காது மட்டும் எங்கள் ஊர்க் காது. ஓடி வந்தார்.

“சிஸ்டர், உள்ள வாங்க!”

“நான் கர்த்தர் பாட்டத் தவிர உலகப் பாட்டு எதுவும் பாட மாட்டேன்.”

“பாட வேணாம். தட்டினா போதும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “வாயே தொறக்கலேன்னா அது பாட்டுல சேருமாடி, டீனி?”

“வேதத்துல அப்படி எதுவும் இல்லக்கா,” என்றேன். வேதத்தை நான் முழுக்கப் படித்தவள் இல்லை.

“சரி. அந்தக் கையுறையைக் கழட்டிட்டு...” என்றார் கார்லின்.

“அது மட்டும் நடக்காது. ஆறு மணிக்கு எனக்கு ஊழியம் இருக்கு. கழட்டி இந்தப் பொணக் கொட்டகையில எங்க வெக்கிறது!”

அந்த இசைத்தட்டின் பத்துப் பாட்டுக்கும் தட்டினாள். ஐந்தரைக்கு முடிந்தது. டெல்மர் யான்சி அவள் கையைப் பிடித்து முத்தமிட வந்தார். கையுறை அழுக்காகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள். டாண்ட்ரிட்ஜ் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“பேரு சொல்லும்மா. அட்டையில போடணும்.”

அக்கா ஒரு எட்டு பின்வாங்கினாள். போதகர் ஸ்லெட்ஜுக்குத் தெரிந்தால் ஊழியம் போய்விடும். அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம், பிள்ளை குட்டி இல்லை, அந்த வாசல் ஒன்றுதான் அவளுடைய மரியாதை.

“பேரெல்லாம் வேணாங்க.”

“பேர் இல்லாம என் கடையிலேர்ந்து பொணம்கூடப் போனதில்ல,” என்றார் டாண்ட்ரிட்ஜ்.

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். அப்புறம் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: “வெர்டெல் பெட்டிக்ரூ.”

வழியெல்லாம் சிரித்தோம். மவுண்ட் கில்போவாவில் இந்தத் தட்டை யார் வாங்கப் போகிறார்கள் என்ற தைரியம். எல்லோரும் வாங்கினார்கள். சபையின் ஒவ்வொரு வீட்டிலும் அது சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பிப்ரவரியில் ஒரு டீக்கன் அட்டையைக் கொண்டுபோய்ப் போதகரிடம் நீட்டினார். ‘கை தட்டியவர்: வெர்டெல் பெட்டிக்ரூ.’ அந்த அட்டை டீக்கன் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

வெர்டெல் வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அச்சில் வந்துவிட்டதே, என்ன சத்தியம் செய்து என்ன? போதகர் ஸ்லெட்ஜ் அவரை ஒரு வருடம் பின் பெஞ்சில் உட்கார வைத்தார். சீருடை கூடாது, கையுறை கூடாது, வாசல் பக்கம் போகக் கூடாது. காலியான தலைவி பதவிக்குச் சபை ஒரு மனதாகத் தேர்ந்தெடுத்தது யாரை? என் அக்காவை.

அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை.

“போய்ச் சொல்லிடுக்கா,” என்றேன்.

“சொல்றேன். அடுத்த வாரம் சொல்றேன்.”

அந்த அடுத்த வாரம் வர முப்பத்தெட்டு வருடம் ஆனது. வருடம் முடிந்ததும் வெர்டெல் பதவிக்குத் திரும்பினார். அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. முன்னைவிடக் குறைவாகச் சிரித்தார், அப்படியும் ஒன்று சாத்தியம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா அந்தக் கிடங்குப் பக்கம் மறுபடி கால் வைக்கவில்லை. ஆனால் கார்லின் விடவில்லை. அவள் தட்டியதில் நான்கைந்து கைதட்டை ஒலிநாடாவிலிருந்து வெட்டி, வட்டமாக ஒட்டி, அதற்குப் பிறகு வந்த பெர்சிமன் பாட்டுகளுக்கெல்லாம் ஓடவிட்டார். அவள் ஒரு மதியம் தட்டினாள், அது அவள் இல்லாமலே எட்டு வருடம் தட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியோடு அவள் நிற்பாள், சலவைக் கூடத்து வானொலியில் அவள் கை அவளையே அடிக்கும். அந்தப் பாட்டுகளை உரிமைப் பேரணியில் பாடினார்கள், கல்யாணத்தில் ஆடினார்கள், வியட்நாமுக்குப் போன பையன்கள் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். எழுபத்துநாலில் நியூயார்க்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்து டாண்ட்ரிட்ஜிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாடாக்களை அள்ளிப் போனது. ஒவ்வொரு குடும்பத்திடமும் ‘படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும்மா’ என்று சொன்ன மனிதர், தன் தாளைப் படிக்கவில்லை. கடை விழுந்தது. கட்டடத்தையும் இடித்துப் போட்டார்கள்.

இடித்து முடித்த பிறகு அதன் அருமை தெரிந்தது. நம் ஆட்களுக்கு எதையும் புதைத்த பிறகுதானே பாசம் பொங்கும்! அதே மாதிரிக் கட்டடத்தை, அதே ஊதாப் பட்டுத் துணியோடு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் கட்டி மியூசியம் என்று பேர் வைத்தார்கள். லீட்ஸிலிருந்து விட்டேக்கர் என்று ஒரு பேராசிரியர் வந்தார். ‘பெர்சிமன் அடி’ என்று அந்தக் கைதட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவர். தொலைபேசிப் புத்தகத்தைப் பெல்ட்டால் அடித்திருக்கலாம் என்பது பன்னிரண்டு பக்கம். சவப்பெட்டி மூடியைத் திறந்து மூடியிருக்கலாம் என்பது மீதி. கடைசியில் அட்டையில் பேரைப் பார்த்து, அது ஒரு மனுஷி என்று கண்டுபிடித்தார். வெர்டெலுக்குக் கடிதம் வந்தது: திறப்பு விழாவில் நீங்கள் தட்டிக் காட்ட வேண்டும், உங்கள் கையை அச்செடுத்து வெண்கலத்தில் வார்த்து நுழைவாயிலில் பதிப்போம்.

எண்பதைத் தொடப்போகிற வெர்டெல், ஒரு காலத்தில் வேதத்தின் மேல் கை வைத்து மறுத்த வெர்டெல், ‘மகிழ்ச்சியோடு வருகிறேன்’ என்று பதில் எழுதினார்.

அக்கா கொதித்துப்போனாள். “பாத்தியாடி அநியாயத்த? அது என் கை! வெண்கலத்துல அவ கையா?”

“பேரைக் கொடுத்தது யாரு?”

“கொடுத்தேன். அதுக்காக? நாளைக்கு நான் செத்தா என்ன மிச்சம்? ஆஸ்பத்திரி விரிப்புல நான் போட்ட மடிப்பா? இந்த உலகத்துல நான் செஞ்சது அந்த ஒண்ணுதான், டீனி.” அவள் விரல்கள் அப்போதே முடக்குவாதத்தில் கோணிக்கொண்டிருந்தன. “போய் எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். பொய் சொன்னதையும் சேத்தே சொல்லப் போறேன். வாசலை விட்டு எடுத்தா எடுக்கட்டும்.”

திறப்பு விழா ஒரு ஞாயிறு மதியம். நாங்கள் சபையிலிருந்து நேராகப் போனோம், அவள் வெள்ளைச் சீருடையிலேயே இருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்தோம். வெர்டெல் ஊதா நிறத் தொப்பி வைத்து மேடையில் இருந்தார். தொப்பி அவரைவிடப் பெரியது.

பேராசிரியர் பாட்டை ஓடவிட்டு, “இப்போ, மிஸ் பெட்டிக்ரூ...” என்றார். வெர்டெல் வெறுங்கையால் தட்டினார். ‘டப்... டப்...’ என்று ஓடு விழுகிற சத்தம். பேராசிரியர் முகத்தில் நாற்பது பக்கமும் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. மறுபடி தட்டச் சொன்னார். மறுபடி ‘டப்’. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

அக்கா எழுந்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு, ஜனங்களை உட்கார வைக்கப் போகிற அதே நடையில் மேடைக்குப் போனாள். சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள்.

வெர்டெல் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டார். முதல் வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“வா. இதுக்குத்தான் இத்தனை நாளா காத்திருந்தேன். என்ன சொல்லப் போற?”

“அது என் கைதட்டுன்னு சொல்லப் போறேன்.”

“தெரியும். அந்தப் பாட்டைக் கேட்ட அன்னிக்கே தெரியும். பதினஞ்சு வருஷம் உன் பக்கத்துல நின்னவளுக்கு உன் கை தெரியாதா?”

அக்கா திகைத்துப்போனாள். “பாட்டை நீங்க எங்க கேட்டீங்க?”

“எங்க வீட்டுலயும் சோபா இருக்கு, டகில்.”

“அப்புறம் ஏன் போதகர்கிட்ட சொல்லல?”

“சொன்னா, அந்தப் பாட்டை நீ எப்படிக் கேட்டேன்னு என்னையும் விட மாட்டாரு, உன்னையும் பிடிச்சு உட்கார வெச்சிருப்பாரு. ரெண்டு பேரும் பின் பெஞ்சுல உட்கார்ந்தா கதவை யாரு பாத்துக்கறது? அந்த டீக்கன் பசங்களா?” வெர்டெல் இன்னொரு கையால் தொப்பியை நேராக்கிக்கொண்டார். “அம்பத்திரண்டு ஞாயித்துக்கிழமை. ஒண்ணு விடாம எண்ணினேன். உன் தட்டுக்கு நான் கொடுத்தது அது. நீ என்ன கொடுத்த?”

அந்தக் கேள்வி எனக்கும்தான், நானும்தானே சேர்ந்து சிரித்தவள். அக்கா தன் பையைத் திறந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்தாள். வெர்டெலின் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, தன் கோணல் விரல்களால் மாட்டிவிட்டாள். ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினாள்.

“சிஸ்டர் பெட்டிக்ரூ கையுறையை மறந்துட்டாங்க,” என்றாள். “அன்னிக்குச் சபையிலேர்ந்து நேரா வந்து தட்டினது. கையுறையோட.”

வெர்டெல் தட்டினார். ‘தொப்... தொப்...’ பேராசிரியர் “இதுதான், இதுதான்!” என்று குழந்தை மாதிரி அழுதார். கூட்டம் எழுந்து நின்றது. அக்கா மேடையிலிருந்து இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விழா முடிந்து காரில் ஏறினோம்.

“என்னக்கா?” என்றேன்.

“லேட்டு,” என்றாள்.

“எதுக்கு?”

“அவ தட்டுறது. ஒரு மயிரிழை லேட்டு. அறுபது வருஷமா லேட்டு. இனிமே ஊரெல்லாம் அப்படித்தான் தட்டப் போவுது பாரு.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

இரண்டு வருடத்தில் அக்கா போய்விட்டாள். வெண்கலக் கை மியூசியம் வாசலில் இருக்கிறது, கையுறையோடு வார்த்தது, கீழே வெர்டெல் பெட்டிக்ரூ என்று பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தொட்டுத் தொட்டுப் பளபளக்க வைத்துவிட்டார்கள்.

அக்காவின் அடக்க ஆராதனைத் தாளை வெர்டெல் தானே அச்சடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். ஆராதனை அன்று காலையில்தான் என் கைக்கு வந்தது. பெட்டி தூக்குகிறவர்கள் ஆறு பேர். பூ ஏந்துகிறவர்கள் எட்டுப் பேர். மீன் பொரித்தவர், கேக் செய்தவர், நாற்காலி போட்டவர். அதற்குக் கீழே ஒரு வரி: ‘பெர்சிமன் இசைத்தட்டில், அக்டோபர் 1966-ல், கை தட்டியவர்: ஒஸெல்லா டகில்.’

புதுப் போதகர் அதையும் மற்றப் பேர்களோடு சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போனார். மரியாதைக்கு வந்திருந்த பேராசிரியர் என் பக்கம் குனிந்தார்.

“இது அச்சுப் பிழைதானே?”

“எது?” என்றேன். “தாள்லயா, அட்டையிலயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பெட்டியின் தலைமாட்டில் வெள்ளைச் சீருடையில் வெர்டெல் நின்றிருந்தார், இடது கை முதுகுக்குப் பின்னால். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையை முன்னால் கொண்டுவந்து, கையுறையோடு தட்டத் தொடங்கினார். முகமெல்லாம் கண்ணீர். ஒவ்வொரு தட்டும் ஒரு மயிரிழை லேட்டு. பெட்டிக்குள் இருப்பவள் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டு படுத்திருக்கிறாளோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.